தண்ணி ஆறட்டும்

என் கைப்பேசியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. நான் படகில் நின்றுகொண்டு, 44 அங்குல மீன் ஒன்றைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் ஏந்தி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடங்களாக அதுதான் என் வாட்ஸப் முகப்புப் படம். போன வருடம் மே மாதம் அப்பா மினியாபொலிஸுக்கு வந்திருந்தார். வந்த மூன்றாம் நாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதை ஆக்கித் தின்னீங்களா?"

"இல்லப்பா, விட்டுட்டோம். இங்க எல்லாரும் பிடிச்சுட்டு விட்டுடுவாங்க."

"விட்டா பொழச்சிருக்காதே. வாலு எப்படித் துவண்டு கெடக்கு பாரு."

நான் பதில் சொல்லவில்லை. அது பிழைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மஸ்கி என்று இங்கே செல்லமாக அழைக்கப்படும் மஸ்கெலன்ஜ், வட அமெரிக்க நன்னீர் மீன்களில் பெரிய வேட்டைக்காரன். முதலை வாய், கத்தி வரிசை போல் பல், பச்சையும் பழுப்பும் கலந்த நீண்ட உடம்பு. பெயரே ஒஜிப்வே பழங்குடிகளின் மொழியிலிருந்து வந்தது. ஏக்கருக்கு ஒன்றுகூடத் தேறாது என்பதால் 'பத்தாயிரம் வீச்சு மீன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒன்று மாட்டும் என்று கணக்கு. 50 அங்குலத்தைத் தொட ஒரு பெட்டை மீனுக்குப் பதினைந்து வருடம் போல ஆகிவிடும். இதனால்தான் இதைப் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் கொல்வதில்லை. மினசோட்டாவில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளச் சட்டத்திலும் இடமில்லை.

இத்தனை அரிய மீனை, ஊருக்குப் புதியவன் தானாகப் போய்ப் பிடிப்பது கடினம். ஆகவே கைடு. அந்த முதல் தடவை நான் கைடைத் தேர்ந்தெடுத்த விதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மூன்றே விஷயம்தான் பார்த்தேன்: யாரிடம் பெரிய மீன் படங்கள் அதிகம், யார் கூலி குறைவு, யாருக்கு என் விடுமுறை நாளில் ஓய்வு. ஜூலை நடுவில் எனக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்தது. கோடை உச்சத்தில், வார இறுதியில், ஒரு கைடு சும்மா இருக்கிறாரே, ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மீன் மாட்டியது உண்மை. பத்து நிமிடம் இழுத்துப் போராடியதும் உண்மை. அதற்குப் பிறகு நடந்ததுதான் சரியில்லை. மூன்று முனைக் கொக்கி இரண்டு அதன் தொண்டைப் பக்கம் சிக்கியிருந்தது. படகில் நீண்ட இடுக்கி இல்லை, கொக்கியைத் துண்டிக்கும் வெட்டுக்கத்தரியும் இல்லை. மீன் படகின் தரையில் கிடந்தது. கொக்கியை எடுத்து முடித்த பின் படம் எடுத்தோம். வெயில் எதிரில் இருந்ததால் திரும்பி நின்று மறுபடி எடுத்தோம். தண்ணீரில் விட்டபோது அது மல்லாந்தது. கைடு வாலைப் பிடித்து நிமிர்த்தினார். கொஞ்சம் நீந்தியது. "போயிடுச்சு, நல்லாத்தான் இருக்கு" என்றார். ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் திரும்புகிற வழியில், கோரைப்புல் ஓரமாக வெள்ளை வயிறு ஒன்று மிதந்தது. அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். படகு நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

காரணத்தை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மஸ்கி குளிர்ந்த நீரின் பிள்ளை. நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். அதே சூட்டில் மீனின் உடம்புக்கோ அதிக ஆக்சிஜன் தேவைப்படும். அந்த நிலையில் பத்து நிமிடம் உயிருக்குப் போராடி, பிறகு காற்றில் இரண்டு நிமிடம் மூச்சில்லாமல் கிடந்தால், நீந்திப் போன மீனும் சில மணி நேரத்தில் சாகலாம். தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஸ்கிக்குத் தூண்டில் போடுவதில்லை என்று பொறுப்பானவர்கள் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று எத்தனை டிகிரி என்று தெரியாது. கேட்கவேயில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். 80 டிகிரி என்பது நம் கணக்கில் சுமார் 27 என்றதும் சிரித்துவிட்டார். "நம்ம குளத்துல அது மார்கழித் தண்ணிடா." மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் அவர் தவளை கோத்து விரால் பிடித்து வளர்ந்தவர். விராலும் மஸ்கியும் ஒரே குணம்: செடி மறைவில் அசையாமல் கிடக்கும், இரை வந்தால் ஒரே பாய்ச்சல். ஆனால் விரால் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி மூச்சு வாங்கும் மீன். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் சந்தைவரை உயிரோடு போகும். அந்த மீனோடு பழகியவருக்கு, இத்தனை பெரிய மீன் இத்தனை சீக்கிரம் சாகுமா என்பது நம்ப முடியாததாக இருந்தது.

"சரி, விடுறதுக்குன்னா எதுக்குப் பிடிக்கணும்?" என்றார். பிறகு அவரே, "குஞ்சோட திரியுற விரால நானும் தொட மாட்டேன். தாயை எடுத்தா குஞ்சு அத்தனையும் போயிடும்" என்றார். ஒரு நாள் கழித்து, "ஒரு தடவ அதக் கண்ணால பாக்கணும்" என்று சொன்னார். எழுபத்து இரண்டு வயது. இனி இவ்வளவு தூரம் விமானத்தில் வர மாட்டேன் என்று கிளம்பும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இந்த முறை விஸ்கான்சினின் ஹேவர்ட் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். மஸ்கிதான் விஸ்கான்சினின் மாநில மீன். ஹேவர்டுக்கு அருகில்தான் சிப்பேவா ஃப்ளோவேஜ் என்ற பதினைந்தாயிரம் ஏக்கர் நீர்த்தேக்கம். 1949ல் லூயி ஸ்ப்ரே என்பவர் 69 பவுண்டு 11 அவுன்ஸ் மஸ்கி பிடித்ததாகச் சொல்லப்படுவது அங்கேதான். அந்தச் சாதனை உண்மையா பொய்யா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

மூன்று கைடுகளிடம் பேசினேன். விஸ்கான்சினில் காசு வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போக மாநில உரிமம் வேண்டும். மூவரிடமும் அது இருந்தது. முதலாமவர் நான் கேட்பதற்கு முன்பே படங்கள் அனுப்பினார். எந்தப் படத்திலும் தேதி இல்லை. இரண்டு படங்களில் மீன் செவுளில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கியது. அத்தனை எடையும் தாடையிலும் முதுகிலும் இறங்கும். நான் நன்றி சொல்லிவிட்டேன். இரண்டாமவர் நல்லவராகத்தான் தெரிந்தார். ஆனால் ஐந்து ஏரிகளில் மாறி மாறிக் கூட்டிப்போகிறவர். இந்தத் தேக்கத்தில் வருடத்துக்கு எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டேன். "எட்டு, பத்து நாள் இருக்கும்" என்றார்.

மூன்றாமவர் என்னைப் பேசவே விடவில்லை. அவர்தான் கேள்வி கேட்டார். யார் வருகிறார்கள்? அப்பாவுக்கு என்ன வயது? படகு ஆடினால் நிற்பாரா, உட்கார்ந்தே வீச வேண்டுமா? நீச்சல் தெரியுமா? மருந்து ஏதாவது நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமா? கடைசியாக, "உங்களுக்கு மீன் வேண்டுமா, மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா?" நான் என் பங்குக்குக் கேட்டேன். வலை எப்படிப்பட்டது? ரப்பர் பூசிய பெரிய வலை. மீன் தண்ணீரில் வலைக்குள் இருக்கும்போதே கொக்கியை எடுப்போம். இடுக்கி? இரண்டு, கூடவே வெட்டுக்கத்தரி. இடி மின்னல் வந்தால்? கரைக்கு வந்துவிடுவோம், நேரத்துக்கு ஏற்ப காசு திரும்பும். பிறகு, இரண்டு வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"எந்த நாளில் நீங்கள் போக மாட்டீர்கள்?"

கொஞ்சம் மௌனம். "தண்ணீர் 80 ஆனால் மஸ்கிக்குப் போக மாட்டேன். நீங்கள் இரட்டைக் கூலி கொடுத்தாலும் சரி."

முழு நாளுக்கு 450 டாலர். மூவரில் அவர்தான் அதிகம். ஜூன் முழுக்க நிரம்பிவிட்டது, ஜூலை மூன்றாம் வாரம்தான் என்றார். அப்பாவின் திரும்பும் பயணச்சீட்டு ஆகஸ்ட் முதல் வாரம். வேறு வழியில்லை. 100 டாலர் முன்பணம் கட்டினேன்.

முதல் நாள் ஹேவர்டில் தங்கினோம். அங்கே நன்னீர் மீன்பிடிப்பு அருங்காட்சியகத்தில் 143 அடி நீளத்துக்குக் கண்ணாடியிழையில் ஒரு மஸ்கி செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே படியேறிப் போய் அதன் வாயில் நிற்கலாம். அப்பா கீழ்த்தாடையில் பல்லுக்கு நடுவே நின்று கையாட்டினார். அந்தப் படத்தை அங்கிருந்தே அம்மாவுக்கு அனுப்பினார்.

இரவு எட்டரைக்குத் தொலைபேசி வந்தது. நான் பயந்தபடியேதான். "சாயந்திரம் நான்கு இடத்தில் அளந்து பார்த்தேன். 81, 82. நாளை மஸ்கி கிடையாது. முன்பணத்தைத் திருப்பிவிடுகிறேன்." எனக்குக் கோபம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன். அதிகாலையில் ஒரு மணி நேரம் மட்டும், அப்பா இனி வர மாட்டார், மாட்டினால் படம்கூட எடுக்க வேண்டாம் என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் அப்பாவைப் படகில் ஏற்ற எனக்கும் ஆசைதான். அரை நாள் ப்ளூகில் பிடிக்கப் போகலாம். அதற்கு இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. அரை நாள் கூலி போதும்" என்றார்.

அப்பாவிடம் சொன்னபோது முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. சற்று நேரம் கழித்து, "காசு வேணாம்னு சொல்றவன் பொய் சொல்ல மாட்டான். போவோம்" என்றார்.

காலை ஐந்தரைக்குப் படகுத்துறை. தேக்கத்தின் தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறம். எங்கும் சிறு தீவுகள், தண்ணீருக்குள் பட்ட மரக்கட்டைகள், மண்ணோடும் செடியோடும் மிதந்து இடம் மாறும் சதுப்புத் திட்டுகள். கட்டைகளுக்கு இடையே வரைபடத்தைப் பார்க்காமலே அவர் படகை நுழைத்தார். இந்தக் கட்டைகள் ஏது என்று அப்பா என்னைக் கேட்கச் சொன்னார்.

இது ஏரி இல்லை, காடும் ஊரும் என்றார் அவர். 1923ல் சிப்பேவா ஆற்றில் அணை கட்டியபோது, லகூடரே ஒஜிப்வே மக்களின் கிராமம், அவர்கள் அறுவடை செய்த காட்டு அரிசிப் படுகைகள், முன்னோரைப் புதைத்த இடங்கள் எல்லாம் அவர்கள் ஒப்புக்கொள்ளாமலே மூழ்கிப்போயின. 1971ல் அணை உரிமத்தின் ஐம்பது வருடம் முடிந்தபோது அவர்கள் அணைக்கட்டில் குடியேறிப் போராடினார்கள். "மீன் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றால், பழைய ஆறு எங்கே ஓடியது, எந்த மேடு யாருடையது என்று தெரிந்ததால்தான்."

நான் தமிழில் சொல்லி முடித்தேன். அப்பா மேட்டூரைப் பற்றிப் பேசினார். 1934ல் அணை வந்து ஊர்கள் மூழ்கியதையும், நீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "அந்தத் தண்ணியிலதான் நாங்க நெல்லு போட்டோம்" என்றார் அப்பா. அதையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ப்ளூகில் உள்ளங்கை அகலம். "ஜிலேபிக் கெண்டை மாதிரியே இருக்குடா" என்று அப்பா குதூகலமானார். மண்புழுவை அவரே கோத்தார். கைடு உதவ வந்தபோது கையை விலக்கிவிட்டார். ஒன்பது மணிக்குள் பதினொன்று. பன்னிரண்டாவதைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

தேநீர் நிறத் தண்ணீரில், மேலிருந்து ஒரு முழ ஆழத்தில், ப்ளூகிலுக்குப் பின்னால் ஒரு நிழல் வந்து நின்றது. முதலில் கட்டை என்றுதான் நினைத்தேன். பிறகு செவுள் அசைந்தது. என் கைக்கு எட்டும் தூரம். அப்பா மூச்சுக்கூட விடவில்லை. கைடு மெதுவாக, மிக மெதுவாக, தூண்டிலை மேலே தூக்குங்கள் என்று கையால் காட்டினார். அந்த மீன் ப்ளூகிலைக் கவ்வினால் போராட்டம் தொடங்கிவிடும். அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சின்ன மீனைச் சத்தமில்லாமல் தண்ணீரைவிட்டு எடுத்தார். நிழல் இன்னும் சில நொடிகள் அங்கேயே நின்றது. வால் ஒருமுறை அசைந்தது. பிறகு வெறும் தண்ணீர்.

"விராலேதான்" என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல்.

யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் கட்டை போலத்தான் தெரிந்திருக்கும். அன்று மாலை ஹேவர்டில் நாங்கள் தங்கியிருந்த அறையின் சின்ன அடுப்பில் அப்பா மீனைச் சுத்தம் செய்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள் போட்டு வறுத்தார். ஒரு தட்டு கைடு வீட்டுக்கும் போயிற்று.

மஸ்கிக்குக் கைடு தேடுகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்டால் உரிமம், வலை, இடுக்கி, அந்த ஏரியில் எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் சொல்வேன். ஆனால் முதலில், எந்த நாளில் போக மாட்டீர்கள் என்று கேட்கச் சொல்வேன். அதற்கு உடனே பதில் இல்லாதவர் படகில் ஏற வேண்டாம். அந்த வெள்ளை வயிற்றுக்கு முழுப் பழியையும் பழைய கைடு மேல் போட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கூலி குறைவு என்று அவரைத் தேர்ந்தெடுத்தது நான். திரும்பி நின்று இரண்டாம் படம் எடுக்கச் சொன்னதும் நான்தான். மூன்றாமவரிடம் அந்த இரவு கெஞ்சியபோது, அதே தவறை இன்னொரு முறை செய்யத் தயாராகத்தான் இருந்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

முகப்புப் படத்தை மாற்றிவிட்டேன். பழைய படத்தை அழிக்கவில்லை.

அப்பா ஊர் திரும்பி, செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் கூப்பிட்டார். மழை, அறுவடை, அம்மாவின் முழங்கால் எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார்.

"அங்க தண்ணி ஆறிடுச்சா?"

"61க்கு வந்துடுச்சாம்ப்பா. அடுத்த சனிக்கிழமை போறேன்."

"அந்தாளோடதானே?"

"ஆமாப்பா."

"சரி. போயிட்டு வா" என்றார்.