நான்கு சுவர்களுக்கு வெளியே ஒரு வகுப்பு

கலைக் கல்லூரியில் பயிலும் பெண்ணைப் பற்றி உறவினர் கேட்கும் முதற் கேள்வி, "இதைப் படித்து என்ன செய்வாள்?" என்பதே. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்களில் இக்கேள்வி சற்று உரத்தே ஒலிக்கும். நமக்கு இங்கே நிலமில்லை, பங்காளியில்லை, பட்டமே காணியாட்சி.

ஆகவே எங்கள் மகளின் கல்லூரியில், ஒரு பருவத்தில் ஆறு வாரம் வகுப்பை விடுத்துக் கிராமத்துப் பள்ளியொன்றில் பணி செய்ய வேண்டுமென்றும், அதற்கும் மதிப்பெண் உண்டென்றும் அறிவித்தபோது, இல்லத்தில் இரு கட்சிகள் தோன்றின. "கட்டணம் இங்கே, உழைப்பு அங்கேயா?" என்றது ஒரு கட்சி. மற்றொரு கட்சிக்கு விடை தெரியவில்லை. ஆயினும் பெண்ணின் பக்கம் நின்றது. இவ்வழக்கைத் தீர்க்கும் பொருட்டே இத்தகைய கல்வியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆன்டியாக் கல்லூரிக்கு 1920ஆம் ஆண்டில் ஆர்தர் மார்கன் என்பவர் தலைவரானார். அவர் ஒரு பொறியாளர். 1913ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் மயாமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளத்தடுப்பு அணைகள் அமைத்தவர். வேடிக்கை என்னவென்றால், கல்லூரித் தலைவரான அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர்! தொழிலைத் தொழிலிலேயே கற்ற அம்மனிதர், 1921 முதல் தம் மாணாக்கரைச் சில வாரம் பாடத்துக்கும் சில வாரம் ஊதியம் பெறும் வேலைக்குமாக மாறி மாறி அனுப்பினார். தொழிற்பயிற்சி அன்று அவர் நோக்கம். இலக்கியமும் தத்துவமும் பயில்பவனும் தொழிற்சாலை வாசலில் நேரத்துக்குப் போய் நிற்கட்டும், பிறர் எப்படி வாழ்கின்றனர் என்று காணட்டும் என்பதே.

இவ்வேற்பாட்டில் கசப்பும் இருந்தது. பிற்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவியான கொரெட்டா ஸ்காட் அக்கல்லூரியிலேயே பயின்றவர். ஆசிரியப் பயிற்சிக்காக அவ்வூர்ப் பொதுப்பள்ளிக்குச் செல்ல அவர் விழைந்தபோது, கறுப்பினத்தவர் என்பதால் அது மறுக்கப்பட்டது. களத்துக்குச் சென்றால் களத்தின் அநீதியும் எதிர்ப்படுமன்றோ?

நம் நாட்டோடு இக்கதைக்குள்ள தொடர்பு எங்களை வியப்பில் ஆழ்த்தியது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948ஆம் ஆண்டில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில், நம் லக்ஷ்மணசுவாமி முதலியாருடன் இதே மார்கனும் ஓர் உறுப்பினர். கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டுமென்று அக்குழு பரிந்துரைத்தது. அவ்வெண்ணத்தின் வழியே 1956இல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையங்களுள் ஒன்றுதான் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள காந்திகிராமத்து நிலையம். 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்ட அமைப்போ, மூன்றாண்டுப் படிப்பின் 120 மதிப்பலகுகளுள் களப்பயிற்சிக்கு 2 முதல் 4 வரை ஒதுக்கியது.

எங்கள் மகள் சென்றது மாசி மாதம். அங்கே உருளைக்கிழங்கு தோண்டும் பருவம். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். தாய் தந்தையருடன் வயலுக்குப் போயிருந்தனர். பொருளாதார வகுப்பில் "வாய்ப்புச் செலவு" என்று இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் அவள். ஒரு நாள் பள்ளிக்கு வந்தால் எத்தனை ரூபாய் கூலி போகும் என்று ஒரு பத்து வயதுச் சிறுமி விரல் விட்டுக் கணக்குச் சொன்னபோதுதான் அச்சொல்லின் பொருள் விளங்கியது என்று எழுதியிருந்தாள். இரவுதோறும் நாட்குறிப்பு எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த நாட்குறிப்பு இல்லாவிடில் ஆறு வாரமும் வெறும் சுற்றுலாவாகப் போயிருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆனால் எங்கள் முதற் கட்சியின் கேள்வி முற்றிலும் பொய்யன்று. ஊதியமற்ற பயிற்சிக்குப் பேருந்துக் கட்டணமும் தங்குமிடமும் உணவும் யார் செலவு? பெரிய நிறுவனங்களில் இடம் பெறச் சிபாரிசு தேடும் வழக்கமும் உண்டு. மாமன் சித்தப்பன் பதவியில் இருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது எளிது, நம் பிள்ளைகளுக்கு அரிது. மார்கன் அனுப்பிய வேலைகளுக்கு ஊதியம் இருந்ததென்பதை இன்றைய கல்லூரிகள் பல வசதியாக மறந்துவிட்டன. இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா, செலவுக்கு உதவித்தொகை உண்டா, பெண் பிள்ளை தங்குமிடத்தை ஆசிரியர் நேரில் பார்த்திருக்கிறாரா என்று சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். எங்கள் மகளின் கல்லூரி, பெற்றோர் பலர் கையொப்பமிட்டுக் கேட்ட பிறகு, போக்குவரவுச் செலவை மட்டும் தர இசைந்துள்ளது. உணவுச் செலவு பற்றிய விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.