பம்பு குடித்த காற்று

மலைநாட்டில் தண்ணீர்க் கஷ்டம் என்றால் எமது யாழ்ப்பாணத்து உறவினர் நகைப்பர். மழை ஓயாத ஊரில் இருந்துகொண்டு தண்ணீருக்கு அழலாமா என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் அறியாதது ஒன்றுண்டு. தலவாக்கலையில் தண்ணீர் எப்போதும் காலுக்குக் கீழேதான் இருக்கும். எமது வீடு நிற்பதோ மலைச்சரிவில். சமையலறைச் சன்னலைத் திறந்தால் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். 2012ஆம் ஆண்டு முதல் அந்நீர் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே சென்று, 150 மெகாவாட் திறன்கொண்ட மின்நிலையத்தை இயக்குகிறது. இத்துணை நீரைப் பார்த்துக்கொண்டே ஒரு குடம் தண்ணீருக்கு நாம் பட்ட பாட்டை இங்கு கூறப் புகுகின்றோம்.

வீட்டுக்கு 24 அடி கீழே ஓர் ஊற்று உண்டு. சென்ற தை மாதத்தில், யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றில் பல்லாண்டுகள் உழைத்த பம்பைக் கொணர்ந்து சமையலறையின் ஓரத்திற் பொருத்தினோம். மின்சாரம் அங்கேதானே இருக்கிறது! ஆளியை அழுத்தியதும் இரைச்சலுக்குக் குறைவில்லை. தண்ணீரோ நூலிழைபோல வந்தது. குழாய் இருமியது, துப்பியது, மௌனமாயிற்று.

"எங்கட பம்புக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்றார் இல்லாள். அது எத்துணை உண்மை என்பது பின்னரே விளங்கிற்று.

முதலில் மின்சாரத்தை ஐயுற்றோம், அதிற் குறையில்லை. அடுத்து, ஊற்றினுள் அமிழ்ந்திருக்கும் அடிவால்வைக் கழற்றினோம். ஓர் இலையும் சிறிது சேறும் அதில் சிக்கியிருந்தன. சுத்தம் செய்து பூட்டியும் பெரும்பயன் விளையவில்லை. அப்பொழுது, தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் தண்ணீர்க் குழாய்களைப் பராமரித்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். குழாயிற் காதை வைத்துச் சற்று நேரம் கேட்டார்.

"ஐயா, இது தண்ணி குடிக்கலீங்க. காத்தக் குடிக்குதுங்க."

தள்ளும் குழாயில் ஓட்டை இருந்தால் நீர் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் குழாயில் இருந்தாலோ வெளிக்காற்று உள்ளே நுழையும். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. முதியவர் பம்பை நிறுத்தி, குழாய் நிறையும்வரை நீரூற்றிக் காத்திருந்தார். வளைவுப் பூட்டொன்றில் முத்துப்போல் ஒரு துளி அரும்பிற்று. அதை இறுக்கிய பின்னர் நிலைமை பாதி சீரடைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் அவருக்கும் தெரியவில்லை.

எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் பௌதிகவியல் கற்பிப்பவர் நாம். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. தன்னுள் அமுக்கத்தைக் குறைக்கிறது, வெளியே உள்ள வளிமண்டலம் நீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அது ஏறக்குறைய 34 அடிக்குமேல் தள்ளாது. 1644இல் டொரிசெல்லி இரசத்தைக் கொண்டு விளக்கியதும், 1648இல் பாஸ்கலின் மைத்துனர் அக்கருவியைப் பிரான்சிய மலையொன்றின்மேல் சுமந்து சென்று, உயரத்தில் இரசம் தாழ்வதைக் கண்டதும் நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவையே. தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே அந்த 34 அடி 29 அடியாகச் சுருங்கிவிடும். குழாயின் உராய்வும் பம்பின் குறைகளும் போக, 20 அடி உறிஞ்சினாலே பெரிது. யாழ்ப்பாணத்தில் 22 அடியிலிருந்து நீர் தந்த பம்பு இங்கே 24 அடிக்குத் திணறியதில் வியப்பென்ன? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை எம் சமையலறையிலேயே கண்டோம்.

உறிஞ்சுவதற்குத்தான் இந்த எல்லை, தள்ளுவதற்கு இல்லை. எனவே பம்பை ஊற்றின் அருகே ஒரு கல்மேடைக்கு இறக்கினோம். முதியவர் சூடம் கொளுத்தினார். நாம் ஆளியை அழுத்தினோம். நீர் சீறிப் பாய்ந்தது. 1,000 லீற்றர்த் தாங்கி 25 நிமிடத்தில் நிறைந்தது. அன்றிரவு நாம் கொண்ட பெருமிதத்தை இப்போது நினைக்கவும் நாணமாக இருக்கிறது.

மூன்றாம் நாட் காலையில் குழாய் மீண்டும் இருமியது. அடிவால்வுதான் அடைத்துவிட்டது என்று எண்ணி, குறட்டுடன் இறங்கினோம். வால்வில் ஒரு குறையுமில்லை. ஊற்றுக்குழிதான் வற்றிக் கிடந்தது. அதன் அடியிலிருந்து செல்லும் இன்னொரு குழாய், சற்றுக் கீழே லயத்து மக்களின் பீலிக்குப் போகிறது. அங்கே குடங்களோடு பெண்கள் வரிசையாக நின்றனர். பீலியில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. எவரும் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. வரிசையில், சீருடையுடன், வாளியைப் பிடித்தபடி எமது மாணவி ஒருத்தி நின்றாள்.

"சேர், இன்னைக்கு வர லேட்டாயிருங்க" என்றாள்.

அவளுடைய வாளியையே இரவல் வாங்கி, ஊற்று சுரக்கும் வாயிற் பிடித்தோம். 12 லீற்றர் வாளி நிறைய ஏறக்குறைய 50 விநாடி சென்றது. நிமிடத்திற்குப் 14 லீற்றர். எமது பம்போ நிமிடத்திற்கு 40 லீற்றர் குடிக்கிறது. இக்கணக்கைப் பம்பு வாங்குமுன் போடாமல், வால்வையும் மின்சாரத்தையும் குறைகூறித் திரிந்திருக்கிறோம்.

அன்று மாலையே அடிவால்வை, பீலிக்குச் செல்லும் குழாயின் வாயிலிருந்து ஒரு சாண் மேலே உயர்த்திக் கட்டினோம். நீர் தாழ்ந்தால் முதலில் வறள்வது எமது குழாய்தான். அவ்வேளையில் பம்பு தானாக நிற்பதற்கு மிதவை ஆளி ஒன்றும் பொருத்தினோம். பீலிக்கரை ஓய்ந்தபின், இரவு ஒன்பது மணிக்குமேல், ஊற்று நிறைய இடைவெளி விட்டுவிட்டுப் பம்பு ஓடுகிறது. தாங்கி நிறைய முன்னையிலும் நெடுநேரம் பிடிக்கிறது.

மாசி மாதத்தில் மழை பொய்த்தது. இரண்டு கிழமை பம்பு ஓடவேயில்லை. இல்லாள் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிச் சென்று, பீலிக்கரையில் வரிசையின் கடைசியில் நின்றார்.