பத்து நிமிட சரித்திரம்

சேலைக் கடைக்கு ஐம்பது நிமிடம். ஒரு ராஜ்யம் விழுந்த இடத்துக்கு நேரமில்லை. பெங்களூரு - மைசூரு சுற்றுலா பஸ்ஸில் ஒரு நாள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை மதில் தெரிந்ததுமே கைடு மைக்கைத் தட்டுகிறார். "கோயிலுக்கு இருபது நிமிஷம். வெளியே வந்ததும் பஸ் புறப்பட்டுடும். லேட்டா வர்றவங்க ஆட்டோ புடிச்சு மைசூருக்கு வரணும்." கன்னடம், இந்தி, தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளிலும் அதே மிரட்டல், அதே சிரிப்பு.

பெங்களூருவிலிருந்து ஒரே நாளில் கோட்டை, கோயில், கல்லறை, மலை, அரண்மனை, பூங்கா எல்லாம் காட்டிவிட்டு நள்ளிரவுக்குள் திரும்ப வேண்டும் என்றால் இப்படித்தான் விரட்டியாக வேண்டும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட விரைவுச்சாலையால் பயண நேரம் குறைந்திருக்கிறது. ஆனால் ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர் எல்லாம் ஓரமாக ஒதுங்கிவிட்டன. மத்தூர் வடைக்காகக் காத்திருந்தவர்களுக்கு நெடுஞ்சாலை ஓட்டலில் ஆறிப்போன இட்லிதான் கிடைத்தது. மிச்சமான நேரமாவது சரித்திரத்துக்குப் போயிற்றா என்றால், அதுவும் இல்லை.

முன் வரிசையில் வேலூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பெங்களூருவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். பக்கத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன்.

"தம்பி, திப்பு விழுந்த இடம் இங்கேதானே பக்கத்துல?"

"பக்கம்தாம்மா. ஆனா அது நம்ம லிஸ்ட்ல இல்ல."

"ஒரு பத்து நிமிஷம் குடுங்களேன்."

"செத்த இடத்துல பார்க்க என்ன இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கைடு தயங்குகிறார். அந்தப் பெயரை மைக்கில் சொல்லும்போது அவர் எப்போதுமே ஜாக்கிரதையாகத்தான் இருப்பார். திப்பு ஜெயந்தியை 2015இல் அரசு விழாவாக்கியது ஓர் ஆட்சி. 2019இல் அதை ரத்து செய்தது இன்னோர் ஆட்சி. பஸ்ஸில் யார் எந்தக் கட்சியோ, யாருக்குத் தெரியும்? ரங்கநாதர் கோயிலுக்குத் திப்பு வெள்ளிப் பாத்திரங்கள் கொடுத்ததையும் சொல்வார். குடகிலும் மேல்கோட்டையிலும் அவர்மீது இன்றும் ஆறாத கோபம் இருப்பதையும் சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "எல்லாரும் தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க" என்பார்.

கடைசியில் பத்து நிமிடம் கிடைக்கிறது. பஸ்ஸில் பாதிப் பேர் இறங்குகிறார்கள். கோட்டையின் வடபுறத்தில், தண்ணீர் வாசலுக்கு அருகில், தாழ்வான சுற்றுச்சுவருக்குள் ஒரு கல். உடல் இங்கே கண்டெடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

"இவ்ளோதானா பாட்டி?"

"இவ்ளோதான்டா."

ஆனால் கதை அவ்வளவோடு முடிகிற கதை அல்ல. 1799 மே 4. கோடையில் காவிரி வற்றியிருந்த நேரம். மதிலில் பீரங்கி பிளந்த வழியே, பட்டப்பகலில் ஆங்கிலப் படை ஆற்றைக் கடந்து ஏறியது. முன்னால் நடத்திச் சென்றவர் டேவிட் பேர்ட். அவருக்கு இந்த ஊர் புதிதல்ல. மூன்றரை ஆண்டுக்கும் மேல் இதே கோட்டையில் கைதியாகக் கிடந்தவர். அவர் பிடிபட்டது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூரில். 1780 செப்டம்பரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அங்கே நொறுக்கினார்கள். பெய்லி சிறையிலேயே 1782இல் இறந்துபோனார். கோட்டைக்குள் இருக்கும் நிலவறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஆசிரியை இதைச் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டார்.

அடுத்த நிறுத்தம் தரியா தௌலத். 1784இல் எழுந்த திப்புவின் கோடை மாளிகை. தேக்குத் தூண்களைத் தாண்டி மேற்குச் சுவரைப் பார்த்தால், முழுக்கப் புள்ளலூர் யுத்தம்! வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, நடுவில் பல்லக்கில் பெய்லி. "பாட்டி, இவர்தானே நிலவறைல இருந்தவர்?" என்று பேரன் கத்துகிறான். காலையில் முனகிய குரல்காரரும் எட்டிப் பார்க்கிறார். அவருக்குச் சொந்த ஊர் அரக்கோணம். புள்ளலூர் கூப்பிடு தூரம்தான். இத்தனை வருடங்களில் அந்த ஊருக்கு இப்படி ஒரு கதை இருப்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கும்பஸில் பாத்திமா பேகமும் திப்புவும் அவர்களுக்கு நடுவே ஹைதரும் உறங்குகிறார்கள். வெளியே கருங்கல் தூண்கள். தந்தம் பதித்த கதவுகள். கதவுகளைக் கொடுத்தவர் டல்ஹௌசி பிரபு. வென்றவர்கள் தோற்றவருக்குச் செய்த மரியாதை. கதையின் மிச்சம் ஆசிரியையின் ஊரில் இருக்கிறது. திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டையில்தான் குடிவைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். பிறகு அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அரண்மனை மரங்கள்கூட மலை ஏறின. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் இங்கிருந்து போனவை.

மைசூரு அரண்மனைக்கு விளக்கமே தேவையில்லை. பழைய மர அரண்மனை 1897இல் ஒரு கல்யாணத்தின்போது எரிந்தது. ஹென்றி இர்வின் வரைந்த புதிய அரண்மனை 1912இல் முடிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர்கள் வாய் பிளந்தபடி வெளியே வருகிறார்கள்.

அரண்மனைக்குப் பிறகு பட்டுச் சேலையும் சந்தன சோப்பும் விற்கும் ஒரு கடை. இங்கே யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம்... கைடு வாசலில் நிதானமாகக் காபி குடிக்கிறார்.

"அங்க பத்து நிமிஷத்துக்கு அவ்வளவு கெஞ்ச வெச்சீங்களே தம்பி?"

கைடு மழுப்பவில்லை. "சம்பளம் பஸ் சத்தம் மாதிரிம்மா, பேருக்குத்தான். என் பசங்க ஸ்கூல் ஃபீஸ் இந்தக் கடை கமிஷன்லதான். அந்தக் கல்லு எனக்கு என்ன குடுக்கும், சொல்லுங்க?"

நியாயமான கேள்வி. சரித்திரம் தெரிந்த ஒரு மனிதர் நான்கு மொழிகளில் பேசுகிறார். அவர் பிழைப்போ சேலையில் இருக்கிறது. அட்டவணை போடுகிறவர்கள் அவருக்குக் கௌரவமான ஊதியம் தந்தால், கடையிலிருந்து இருபது நிமிடத்தைக் கோட்டைக்கு மாற்றுவது பெரிய காரியமில்லை. இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில், இரட்டை ரயில் பாதைக்கு இடைஞ்சலாக இருந்த திப்புவின் ஆயுதக் கிடங்கை 2017இல் அப்படியே பெயர்த்து வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். ஒரு கட்டடத்தையே நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு கால அட்டவணையை நகர்த்துவதா கஷ்டம்?

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் எங்கும் நின்று நிதானமாகப் பார்த்துக்கொள்வார்கள். பாட்டிக்கும் பேரனுக்கும் இந்த பஸ்தான் வழி. அவர்கள் கேட்டது பத்தே பத்து நிமிடம்.