மண்ணீரல் இல்லாத மச்சான்!

ஒரு சின்ன டெஸ்ட். உங்க மண்ணீரலைத் தொட்டுக் காட்டுங்க பார்ப்போம்! தொப்புளைச் சுத்தித் தடவுறீங்களா? தப்பு பாஸ்! இடது பக்கம், கீழ் விலா எலும்புகளுக்கு உள்ளே, கைப்பிடி அளவில், சுமார் 150 கிராம் எடையில் ஒளிஞ்சிருக்கு. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது பயாலஜி வாத்தியார் இல்லை. கல்வராயன் மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு!

செகண்ட் இயர் லீவு. கள்ளக்குறிச்சியில் இருக்கிற நண்பன் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுட்டு, கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு பைக்கில் கிளம்பினோம். பெரியார் அருவியில் செம குளியல். இறங்கும்போது வண்டி ஓட்டினது நான். எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கினேன், ஜல்லியில் டயர் வழுக்கிடுச்சு. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னாடி இருந்தவனுக்கு இடது விலா ரோட்டோரக் கல்லில் மோதிடுச்சு. ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரலை. "ஒண்ணுமில்லடா, வண்டியை எடு"ன்னு சிரிச்சான்.

அரை மணி நேரத்தில் சிரிப்பு போச்சு. உடம்பெல்லாம் குப்புனு வியர்வை. "இடது தோள் வலிக்குதுடா"ன்னான். தோளில் அடியே படலையே! மண்ணீரல் கிழிஞ்சு கசியுற ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினா, வலி தோளில் தெரியுமாம். அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன். மண்ணீரலை எடுத்துட்டாங்க.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னார். தடுப்பூசிகளைத் தவறாமப் போடணும். காய்ச்சல் வந்தா ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நாங்களும் நல்ல பிள்ளைகளா தலையாட்டினோம். ஒரு ஊசி போட்டோம். மீதியை "செமஸ்டர் முடியட்டும்"னு தள்ளிப்போட்டோம்.

எட்டு மாசம் கழிச்சு, ஹாஸ்டல். ராத்திரி பதினோரு மணிக்கு அவனுக்குக் குளிர் ஜுரம். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஒரு பாராசிட்டமால் கொடுத்து, "தூங்குடா, காலையில பார்த்துக்கலாம்"னு லைட்டை அணைச்சேன்.

அந்த மாத்திரை ஏன் தப்புன்னு புரியணும்னா, கொஞ்சம் ரத்தத்துக்குள்ளே போகணும். வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கும்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். ஆனா, முதல்ல பிடிக்கணுமே! நிமோகாக்கஸ் மாதிரி கிருமிகள் மேல சர்க்கரையால் ஆன வழவழ உறை இருக்கு. எண்ணெய் தடவின கபடி பிளேயர் மாதிரி வழுக்கிட்டு ஓடிடும்.

1903-ல லண்டனில் ஆல்ம்ராத் ரைட்டும் டக்ளஸும் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. ரத்த சீரத்தைச் சேர்த்தா, வெள்ளை அணுக்கள் கிருமிகளை வெளுத்துக்கட்டுது. சீரத்தைச் சூடாக்கினா அந்த வேகம் குறையுது. சீரத்தில் இருந்த அந்தச் சரக்குக்கு 'ஆப்சோனின்'னு பேர் வெச்சாங்க. 'சாப்பாடு தயார் பண்றது'ங்கிற அர்த்தம் வர்ற கிரேக்க வார்த்தையிலிருந்து வந்த பேர். நம்ம பாஷையில் சொன்னா, இட்லி மேல ஊத்துற சட்னி!

இந்தச் சட்னி முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு, ஆன்டிபாடி. கவட்டை வடிவத்தில் இருக்கும். ரெண்டு கையும் கிருமியைப் பிடிச்சுக்கும், கைப்பிடியை வெள்ளை அணு பிடிச்சுக்கும். இன்னொண்ணு, சி3பி-ங்கிற புரதம். கிருமியின் மேல்தோலில் ஃபெவிக்கால் போட்ட மாதிரி ஒட்டிக்கும்.

நல்லா சட்னி ஊத்தின கிருமியைக் கல்லீரலே பிடிச்சிடும். அரைகுறையா ஊத்தினதைப் பிடிக்க மண்ணீரல் வேணும். அங்கே ரத்தம் குறுகலான சந்துகளில் மெதுவாகத்தான் நகரும், விழுங்கும் அணுக்கள் வாசலிலேயே காத்திருக்கும். அந்தச் சர்க்கரை உறைக்கு எதிரான ஆன்டிபாடிகளை அவசரத்துக்குத் தயாரிக்கிறதிலும் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு. அது இல்லாதவங்களுக்குச் சட்னியும் குறைவு, சாப்பிடுற ஆளும் குறைவு. தடுப்பூசி செய்யுற வேலை, சட்னியை முன்கூட்டியே அரைச்சு வெக்கிறது!

இந்த ஆபத்தை 1952-லயே அமெரிக்க டாக்டர்கள் கிங்கும் ஷூமேக்கரும் எழுதிட்டாங்க. சாதாரணக் காய்ச்சல் மாதிரி ஆரம்பிச்சு, ஓரிரு நாளில் உயிரையே எடுத்துடலாம். மண்ணீரல் எடுத்துப் பல வருஷம் ஆனாலும் ரிஸ்க் உண்டு.

அன்னிக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. இருட்டில் அவன் பல் கிட்டுற சத்தம் மட்டும் கேட்டுது. 'ஒரு மணி நேரம்கூட'ங்கிற டாக்டர் குரல் மண்டைக்குள்ள ஓடுச்சு. எழுந்து, வார்டன் கதவைத் தட்டி, 108-க்கு போன் பண்ணி, கேஷுவாலிட்டியில் நான் கத்தின முதல் வார்த்தை, "சார், இவனுக்கு மண்ணீரல் இல்லை!"

டியூட்டி டாக்டர் முகம் மாறினதை மறக்கவே முடியாது. டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஆன்டிபயாடிக் ஏத்தினாங்க. ரத்தத்தில் கிருமி இருந்தது அப்புறம்தான் உறுதியாச்சு. பத்து நாளில் பயல் எழுந்து பிரியாணி கேட்டான்!

இப்போ மீதி ஊசிகளும் போட்டாச்சு. பர்ஸில், 'எனக்கு மண்ணீரல் இல்லை'ன்னு ஒரு அட்டை. உங்க கேங்கிலும் விபத்திலோ, ரத்த நோயிலோ மண்ணீரலை இழந்தவங்க இருக்கலாம். ஊசி போட்டாச்சான்னு இன்னிக்கே கேளுங்க. காய்ச்சல்னா காலை வரை விடாதீங்க.

அந்தப் பாராசிட்டமால் கதை அவன் அம்மாவுக்குத் தெரியாது. "நல்ல நேரத்துல கொண்டு போய்ச் சேர்த்தியேப்பா"ன்னு இன்னமும் எனக்குத்தான் முதல் தோசை வைக்கிறாங்க. இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.

ஸாரிம்மா... லைட்டை அணைச்சதும் நான்தான்!