அடுப்பு பதினைந்து

எங்கள் வேதியியல் சார் அந்தக் குழாயைத் துணியில் சுற்றித்தான் எடுத்துவருவார். வாய் உருக்கி மூடிய கண்ணாடிக் குழாய். உள்ளே வெறும் காற்று போலத்தான் இருக்கும், கொஞ்சம் பழுப்பு ஏறிய காற்று. வெந்நீரில் முக்கினால் கருப்பட்டிப் பாகு நிறம். சர்பத் கடையிலிருந்து வாங்கிவந்த ஐஸில் வைத்தால் வெளிறிப்போகும். மறுபடி வெந்நீர், மறுபடி பழுப்பு. ஆலங்காயத்தில் பிளஸ் டூ படித்த நாங்கள் அதற்கு மேல் ஒரு மந்திரத்தைப் பார்த்ததில்லை.

நிறமில்லாதது நைட்ரஜன் டெட்ராக்சைடு. சூடேறினால் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு நைட்ரஜன் டை ஆக்சைடாகப் பிரியும், பழுப்பு அதனுடையது. எத்தனை பங்கு பிரிந்தது என்று எண்ணிப் பார்க்க முடியாது, எடை போட்டுப் பார்க்கலாம். பிரியாத ஆவியின் அடர்த்தி 46. 60 டிகிரியில் அளந்தால் 30.2. பிரிகை வீதம் என்ன?

நான் 15.8ஐ 46ஆல் வகுத்து 0.343 என்று எழுதினேன். சார் சிவப்பு மையால் அந்த 46ஐச் சுழித்தார்.

“அண்ணன் தம்பி ரெண்டு ரெண்டு பேரா பத்து வீடு இருக்குடா. அஞ்சு வீட்ல பாகம் பிரிச்சாச்சு. இப்ப அடுப்பு எத்தனை?”

“பதினஞ்சு சார்.”

“ஆள் கூடுச்சா?”

“இல்ல சார்.”

“அப்ப எடை அதே. இடந்தான் ஒண்ணரை மடங்கு. 46ஐ 30.2ஆல வகு, ஒண்ணு போக மிச்சம் எவ்வளவோ அதான் விடை.”

1983இல் ஒரு சனிக்கிழமை காவலூருக்குப் போனேன். சாமைக் கொல்லைகளுக்கு நடுவே வளைந்து ஏறும் சாலை. அங்கே வானாய்வு நிலையத்தை உருவாக்கிய வைணு பாப்பு இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் பெயர் தாங்கிய பெரிய தொலைநோக்கி 1986இல்தான் திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்த ஒருவர் நிறமாலை பதிந்த ஒரு கண்ணாடித் தட்டை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். தட்டைக் கழுவிய ஹைப்போவின் வாடை இன்னும் போகவில்லை. விரல் அகலம்கூட இல்லாத கரும்பட்டை. குறுக்கே வெளிறிய கோடுகள், அவற்றில் இரண்டு மட்டும் தடித்து. “கால்சியம். எலக்ட்ரான் ஒன்றை இழந்த கால்சியம்” என்றார்.

சூரியனில் அந்தக் கோடுகள் விளிம்பைத் தாண்டி வெகு உயரத்திலும் தெரிகின்றன. ஏன் என்று 1920இல் சொன்னவர் மேகநாத சாஹா. கால்சியம் அணு எலக்ட்ரானைப் பிரிவதும் ஒரு வேதிவினைதான் என்று வைத்துக்கொண்டு, வேதியியலாளர் நெர்ன்ஸ்ட் வாயுக்களுக்குச் சொன்ன சமநிலைக் கணக்கையே போட்டார். மேலே அழுத்தம் குறைவு. பிரிந்தவன் திரும்பிச் சேர ஆள் அகப்படுவதில்லை. பாப்புவும் அதே கால்சியத்தை விடவில்லை: 1957இல் வானியலாளர் வில்சனோடு சேர்ந்து, அந்தக் கோட்டின் நடுவே எழும் ஒளியின் அகலத்தை வைத்தே விண்மீனின் உண்மைப் பிரகாசத்தைச் சொல்லலாம் என்று காட்டினார்.

தட்டைக் காட்டியவர் சாஹாவின் சமன்பாட்டைத் தாளில் எழுதியதும் எனக்கு மூச்சு நின்றது. பிரிகை வீதமான ஆல்ஃபாவின் வர்க்கம், கீழே ஒன்றிலிருந்து ஆல்ஃபா வர்க்கம் போக மீதி, பக்கத்தில் அழுத்தம். எங்கள் சார் பலகையில் எழுதியதில் முன்னால் ஒரு நாலு இருக்கும். அது மட்டும் இதில் இல்லை. அங்கே பிரிந்த இரண்டும் ஒன்றுபோல், இங்கே வேறு வேறு, அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமை ஓடினேன், சாரிடம் சொல்ல. மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளும் புத்தி அந்த வயதில் ஏது?

காவலூரில் இப்போது தட்டு கிடையாது, சிசிடி கேமரா வந்துவிட்டது. ஹைப்போ வாடையும் இல்லை. அந்தக் கணக்கின் விடை 0.523.