வகுப்பறையில் ஒரு ஜூரி

சில ஆண்டுகளுக்கு முன், செர்டாங்கில் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் பணம் காணாமற்போனது. "இவன்தானே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்?" என்று கேட்டேன். வகுப்பே அவனைச் சுட்டியது. மறுநாள் அவளது பையின் அடியிலேயே பணம் கிடைத்தது.

அன்று இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு நினைவில் எழுந்தது. 1945இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவால் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றனர். மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. அதனை மீண்டும் விசாரிக்குமாறு இலண்டன் பிரிவி கவுன்சில் பணித்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். ஆயினும் பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை.

ஜூரிகள் சட்டம் பயின்றவர்கள் அல்லர். நீதிபதி எடுத்துரைப்பதைப் பற்றியே முடிவெடுப்பர். அப்ரூவரின் சொல்லை வேறு சான்றின்றி நம்புவது ஆபத்து என்று அவர் அன்று எச்சரிக்க வேண்டியிருந்தது. அவ்வழிகாட்டல் தவறினால் தீர்ப்பும் தவறலாம். அதைத் திருத்தவே மேல்முறையீடு.

மலேசியாவில் ஜூரி முறை 1995இல் ஒழிந்தது. என் வகுப்பறையில் அன்றும் இருந்தது. தவறாக வழிகாட்டியவன் நானே. எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தான். அதன்பின் பல நாள் அவன் கேள்விக்குக் கை உயர்த்தவேயில்லை.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு மேல்முறையீடு செய்ய வேறு மன்றம் இல்லை. கேட்கும்போதே நிதானித்துக் கேட்போம்.