ஜபல்பூர் வண்டி

எடப்பாடியில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. ஊரைத் தாண்டி சங்ககிரி ரோட்டில் ஏறிவிட்டால் லாரிச் சத்தம். சங்ககிரியில் லாரி முதலாளிகள், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் என்று சக்கரத்தை நம்பிப் பிழைக்கிற சீமை இது. எந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் டீக்கடையில் நாலு பேர் சொல்வார்கள். நான் கேட்கிற வண்டிக்கு மட்டும் பதில் சொல்லும் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த வண்டி சக்திமான். பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொன்னால் டிவியில் பறந்து வந்தவரைத்தான் நினைக்கிறார்கள்.

ராணுவத்துக்கென்றே இந்தியாவில் செய்த லாரி அது. நீள மூக்கு, பச்சைப் பெயின்ட். பெங்களூரில் பயிற்சி முடித்து ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவராக இருந்த பெரியப்பா அதை ‘த்ரீ டன்னர்’ என்பார். காடுமேட்டில் மூன்று டன் சுமக்கிற வண்டி என்பதால் பட்டாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அது பிறந்த இடம் லாரிக் கம்பெனியே அல்ல. ஜபல்பூரில் 1904 முதல் பீரங்கிக்கு வண்டி செய்துவந்த அரசுத் தொழிற்சாலை அது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் விட்டுப்போன வெளிநாட்டு லாரிகளை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நம் பட்டாளம் ஓட்டிக்கொண்டிருந்த காலம். 1958இல் மேற்கு ஜெர்மனியின் மான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். மறு வருடமே முதல் வண்டி வெளியே வந்துவிட்டது. முதலில் ஜெர்மனியிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு படிப்படியாக இங்கேயே வார்க்கவும் கடையவும் பழகினார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன். ஆயுதத் தொழிற்சாலையில் காபி இயந்திரம் செய்ய வைத்தவர் என்று அவரை ஏசினார்கள். 1962 சீனப் போர்த் தோல்விக்காக அவர் பதவியை விட்டுப் போனதும் நியாயம்தான். ஆனாலும் இந்த வண்டியை அவர் கணக்கில் வரவு வைக்காமல் விடக் கூடாது என்பது என் எண்ணம். அந்தப் போருக்குப் பிறகு பட்டாளம் பெருத்தது, லாரியின் தேவையும் பெருத்தது. 1969இல் ஜபல்பூரிலேயே வாகனத்துக்கென்று தனித் தொழிற்சாலை எழுந்தது. 1965, 1971 போர்களில் ரேஷனும் குண்டும் ஆளும் ஏற்றிப்போன வண்டிகளில் இதுவும் ஒன்று.

எங்கள் பக்கத்துக்கு ஒரு சக்திமான் ராணுவ ஏலத்தில் வந்தது. எடுத்தவர் பூலாம்பட்டிப் பக்கம் கரும்புக் காடு வைத்திருந்தவர். பட்டாளத்தில் இதை ஓட்டிய கை என்பதால் பெரியப்பாவையே டிரைவராக வைத்துக்கொண்டார். காவிரிக் கரையில் மழை பெய்து சேறாகிக் கிடக்கும் வண்டித் தடத்தில் மற்ற லாரி அச்சுவரை இறங்கிவிடும், டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். பெரியப்பா அவசரப்பட மாட்டார். கியர் கம்பிக்குப் பக்கத்திலிருக்கும் இன்னொரு கம்பியைத் தள்ளுவார். முன்சக்கரத்துக்கும் இழுவை போய்விடும். பின்சக்கரம் தள்ள, முன்சக்கரம் சேற்றைப் பிறாண்டி இழுக்க, முழுக் கரும்பு லோடோடு வண்டி இஞ்ச் இஞ்சாக மேட்டுக்கு ஏறும். கிளீனர் பையன் கட்டையோடு பின்னால் ஓடுவான். ஒரு தடவைகூட அந்தக் கட்டைக்கு வேலை வந்து நான் பார்க்கவில்லை.

அந்த இன்ஜின் சத்தமும் தனி. டீசலைப் பிஸ்டன் தலையில் குடைந்த குழியின் சுவர்மேல் பீய்ச்சி, மெதுவாக ஆவியாக்கி எரிக்கும் முறையை மான் கம்பெனிக்காரர்கள் ஐம்பதுகளில் கண்டுபிடித்திருந்தார்கள். டீசல் இன்ஜினின் தட்டல் அதில் குறையும். ரோட்டில் வருகிற மற்ற லாரிகளின் கடகடப்புக்கு நடுவே இது அடித்தொண்டையில் முனகிக்கொண்டு வருவது எனக்குத் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். தைப்பூசம் கழிந்து எடப்பாடிக் காவடி பழனிக்கு நடக்கும்போது பஞ்சாமிர்த அண்டாவும் சர்க்கரை மூட்டையும் ஏற்றிக்கொண்டு அதுவும் கூடவே போகும். பெரியப்பா அன்றைக்கு மட்டும் மேலே யாரையும் ஏறவிட மாட்டார், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஜபல்பூரில் சக்திமான் செய்வதை நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு வந்தது அசோக் லேலண்டின் ஸ்டாலியன். எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொடுப்பதற்காக 1948இல் தொடங்கிய கம்பெனி, இன்று ராணுவத்துக்கு லாரி தருகிறது. தமிழ்நாட்டுக்காரனாக எனக்கு அதில் பெருமை உண்டு, ஸ்டாலியன் பலசாலி என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் மூக்கில்லாத அந்த வண்டியைப் பார்த்து எனக்குள் எதுவும் எழவில்லை. சக்திமானின் பானட்டைத் தூக்கினால் இன்ஜின் முழுசாகத் தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் பம்பர்மேல் ஏறி நின்று கை வைக்கலாம். நான் ஃபில்டர் கழற்றப் பழகியது அங்கே நின்றுதான்.

பெரியப்பாவுக்குக் கண் பார்வை மங்கியதும் வண்டி காட்டில் நின்றது. பாகம் கிடைக்கவில்லை. இன்ஜினைக் கழற்றிக் கொஞ்ச காலம் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். சேசிஸ் எடைக்குப் போனது. இத்தனை பட்டறை இருக்கிற சீமையில் ஒன்றையாவது பெயின்ட் அடித்து, தார்ப்பாய் கட்டி, நாமக்கல்லில் நிறுத்தியிருக்கலாம். இன்றைக்கும் செய்யலாம், கைத்திறன் எங்கும் போய்விடவில்லை. எந்தத் தோப்பிலாவது பழைய மிலிட்டரி லாரி நிற்கிறது என்று யாராவது சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். இதுவரை கிடைத்ததெல்லாம் டாட்ஜும் ஃபார்கோவும்தான்.